தெமெனுகா எந்தத் தலையை ஆட்டினாள்?

வெளிநாட்டுக்காரர்களை வைத்துப் பிழைக்கிறவனுக்கு எங்கள் ப்ளோவ்திவில் இரண்டு தலை வேண்டும். ஒன்று வீட்டுத் தலை. அதை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. பல்கேரியாவில் பிறந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுகிறோம். மற்ற தேசங்கள் தலைகீழாக ஆட்டினால் அது அவர்கள் பிரச்சினை. ஆனால் காசு அவர்கள் கையில் இருப்பதால் எங்களுக்கு இரண்டாவதாகக் கடைத் தலை என்று ஒன்று வந்து சேர்ந்தது. வெளியூர்க்காரன் எதிரே வந்து நின்றதும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும்: மேலும் கீழும் 'ஆமாம்', பக்கவாட்டில் 'இல்லை'. வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். நான் பல நாள் கழற்ற மறந்திருக்கிறேன். என் முதல் கல்யாணம் முறிந்ததில் பாதி அந்த மறதியால்தான். மீதிப் பாதியைப் பற்றி என் முன்னாள் மனைவியைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள்.

என் பெயர் ஸாப்ரியான். ஊரைச் சுற்றிக் காட்டுவது தொழில். தெமெனுகா, பழைய நகரத்துக்குப் போகிற ஏற்றத்தில் இருக்கும் 'அத்திமரம்' விடுதியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். புருஷனை இழந்தவள், வாய் நீளம், சிரித்தால் மேஜையே அதிரும். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் அவளோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஊரே எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அப்படி நினைக்கவில்லை. அந்த வசந்தத்தில் வியன்னாவில் இருக்கிற அவளுடைய அக்கா அங்கே அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்தாள். அந்த வாரத்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். நான் கேட்பதாக இருந்தால் இப்போதுதான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்ச வாழ்நாள் முழுக்கத் தனியாகக் காப்பி குடிக்க வேண்டியதுதான்.

முந்தின இரவே கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் மேஜை முன்னால் ஒரு நெட்டை மனிதர் நிற்கிறார். டென்மார்க்காரர், பெயர் பிரெபென். வாழ்நாள் முழுக்க வீடுகளுக்கு வர்ணம் அடித்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள்தான் வந்து இறங்கியிருக்கிறார்; அன்றைக்கு அவருக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டியவன் நான். ரோஜா எண்ணெய் வியாபாரி வீடு என்று எங்கள் ஊரில் ஒரு பழைய மாளிகை உண்டு. அதன் மரக்கூரையில் செதுக்கி வர்ணம் தீட்டிய ஒரு சூரியன் இருக்கிறது. அந்தக் கூரையைப் பார்க்கத்தான் மனிதர் ஐரோப்பாவின் அந்தக் கோடியிலிருந்து வந்திருந்தார்.

அந்த வீட்டுக்கு விடுமுறை நாள் என்று தனியாக ஒன்றும் கிடையாது. சாவி வெலிச்கா அத்தையிடம் இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி இல்லாவிட்டால் திறக்கும், வலி இருந்தால் திறக்காது. எந்த நாளில் எது என்று காலையில் விடுதிகளுக்கு மட்டும் போன் செய்து சொல்வாள். வழிகாட்டிகளை அவளுக்குப் பிடிக்காது.

"அந்தச் சூரியன் வீடு இன்னிக்குத் திறந்திருக்குங்களா?" என்று பிரெபென் ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. மூன்றாம் மனிதர் ஒருத்தர் இருக்கும்போது கேட்டால், அவள் மாட்டேன் என்றாலும் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று சிரித்து மழுப்பிவிடலாம் அல்லவா? அந்த மனிதர் வாயை மூடுவதற்குள் நானும் எங்கள் பாஷையில் சொல்லிவிட்டேன்.

"தெமே, வியன்னாவெல்லாம் எதுக்கு, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். அழுத்தமாக, இரண்டு தரம். அவள் கண் என் மேலும் இல்லை, அவர் மேலும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அலற ஆரம்பித்திருந்த தொலைபேசி மேல் இருந்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தாள். நான் பிரெபெனின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஓடி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"திறந்திருக்காம்!" என்றார் அவர் சந்தோஷமாக. "பாத்தீங்கல்ல, அந்தம்மா தலையாட்டினாங்க."

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். கற்கள் பாவிய தெருவில் ஏறிக்கொண்டே கணக்குப் போட்டேன். வீடு திறந்திருந்தால் அவள் ஆட்டியது கடைத் தலை. டென்மார்க்காரருக்குச் சொன்ன 'ஆமாம்' அது. என் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வீடு பூட்டியிருந்தால் அவள் ஆட்டியது வீட்டுத் தலை. வீட்டுத் தலையை அவள் டென்மார்க்காரருக்கு ஏன் ஆட்டப் போகிறாள்? எனக்குத்தான். 'இல்லை.' இரண்டு தரம்.

ஆக, என் விதி ஒரு கிழவியின் முழங்காலில் இருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றால் தெரிந்துவிடும். தெரு முனையில் வலது பக்கம் திரும்பினால் நாலு எட்டில் அந்த வீடு. நான் இடது பக்கம் திரும்பினேன்.

"போர்டுல வலது பக்கம்னு அம்பு போட்டிருக்கே?"

"அதெல்லாம் சும்மா சார். முதல்ல ரோமானியர் கட்டின அரங்கம். வெயில் ஏறிட்டா கல்லு சுடும்."

வெயில் என்று ஒன்று அன்றைக்கு இல்லவே இல்லை. அரங்கத்தில் அவரை மேல் வரிசையில் உட்கார வைத்தேன், பிறகு கீழ் வரிசையில், பிறகு மறுபடி மேல் வரிசையில். கீழேயிருந்து கை தட்டி எதிரொலி கேட்கச் சொன்னேன். பாவம், தட்டினார். தூண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லி முடித்தேன், தெரியாததையும் சொன்னேன்.

"இப்போ சூரியன் வீடு?" என்றார்.

"சார், எங்க ஊருல அய்ல்யாக்னு ஒரு வார்த்தை இருக்கு. ப்ளோவ்திவ்காரன் பொறந்ததுமே கத்துக்கறது. அவசரமே படாம, கவலையே படாம, சும்மா இருக்கறது. அதத் தெரிஞ்சுக்காம இந்த ஊரப் பாத்தேன்னு நீங்க சொல்லவே முடியாது."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அப்படிக் கேக்கறதே அய்ல்யாக் இல்ல சார்."

கபானா என்கிற பழைய கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடையில் அவரை உட்கார வைத்து அய்ல்யாக் கற்றுக்கொடுத்தேன். அவர் காலை நீட்டி, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு அசல் ப்ளோவ்திவ்காரனைப் போல உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் நகத்தைக் கடித்துக்கொண்டு, போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இத்தனைக்கும் ஊர்க்காரன் நான்.

அங்கிருந்து சந்து சந்தாக அழைத்துப் போனேன். எங்கள் ஊரில் வீட்டு வாசல் கதவுகளில் இறந்தவர்களின் படம் போட்ட தாள் ஒட்டுவது வழக்கம். செத்த அன்றைக்கு ஒட்டுவோம், நாற்பதாம் நாள் ஒட்டுவோம், வருஷா வருஷம் ஒட்டுவோம். பிரெபென் ஒவ்வொரு கதவாக நின்று அந்த முகங்களைப் பார்த்தார்.

"இவங்கள்லாம் தேர்தல்ல நிக்கறாங்களா?"

"இல்ல சார். படுத்துட்டாங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் அந்தச் சந்து முழுக்கத் தொப்பியைப் போடவே முடியவில்லை அவரால்.

மத்தியானம் சாப்பிட கோச்சோவின் கடைக்குப் போனோம். தக்காளி, வெள்ளரி, மேலே துருவிய வெள்ளைச் சீஸ் வந்தது. நான் முள்கரண்டியால் அதைக் கிளறிக்கொண்டே இருந்தேன். பிரெபென் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க என்னை ஏமாத்தறீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சுவரில் ஈரம் இருப்பதைக் கண்டுபிடித்த வர்ணக்காரரின் குரலில் சொன்னார். "காலைலேர்ந்து அந்த வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றோம். ஆனா அது பக்கத்துல மட்டும் போக மாட்டேங்கறோம். ஏன்?"

சொல்லிவிட்டேன். இரண்டு தலை, ஒரே ஆட்டம், இரண்டு கேள்வி, வியன்னா, வெலிச்கா அத்தையின் முழங்கால், எல்லாம். அவர் ரொம்பப் பொறுப்பாகக் கேட்டார்.

"அப்ப நேராப் போய் கதவப் பாத்துடலாமே."

"வேணாம்."

"அந்தம்மாவுக்கு ஒரு போன் போடுங்க."

"சார்ஜ் இல்ல."

மேஜை மேல் கிடந்த என் போன் அந்த நேரம் பார்த்து யாரோ அனுப்பிய விளம்பரத்துக்காகப் பளிச்சென்று எரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் பெரிய மனுஷர், ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்தத் தலை விஷயம் முன்னாடியே தெரியாமப் போச்சே," என்றார். "இனிமே நானும் உங்க மாதிரியே ஆட்டறேன். ஒரு ஊருக்கு வந்தா அந்த ஊரு வழக்கத்த மதிக்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கோச்சோ வந்தான். "குடல் சூப் கொண்டாரவா? பூண்டு வினிகர் ஊத்தி, சூடா இருக்கு," என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிரெபெனுக்குக் குடல் என்றாலே முகம் வெளுத்தது. எங்கள் முறைப்படி மறுப்பதற்காகத் தலையை மேலும் கீழும் நன்றாக ஆட்டினார். கோச்சோ வெளிநாட்டுக்காரரைப் பார்த்தான், கடைத் தலையோடு யோசித்தான், சந்தோஷமாக உள்ளே போனான். பெரிய கிண்ணம் வந்தது. மரியாதைக்காக மனிதர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "இன்னொன்னு?" என்றான் கோச்சோ. இவர் இன்னும் பலமாக மேலும் கீழும் ஆட்டினார். இரண்டாவது கிண்ணம் வந்தது.

"சார், வாயால 'நோ'ன்னு சொல்லுங்க," என்றேன்.

"நீங்க மட்டும் வாயால கேட்டீங்களாக்கும்," என்றார் வேர்த்துக்கொண்டே.

சுருக்கென்று இருந்தது. வாயால்தானே கேட்டேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது மனசாரக் கேட்பதைப் பற்றி என்று எனக்கே தெரிந்தது.

சாப்பிட்டபின் அவரைக் குன்றின் மேல் ஏற்றினேன். இரண்டு கிண்ணம் குடல் சூப்போடு ஒரு மனிதரைக் குன்றில் ஏற்றியது பாவம்தான், அதற்குத் தனியாக ஒரு நரகம் இருந்தால் போகிறேன். மேலே இடிந்த சுவர்கள், பெயர் கிறுக்கிய கற்கள், பீர் குடிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், கீழே சிவப்புக் கூரைகள். ஒவ்வொரு குன்றையும் பெயர் சொல்லிக் காட்டினேன். ஒரு குன்றைக் கல்லுக்காக வெட்டி எடுத்தே தீர்த்துவிட்டார்கள், அது இருந்த இடத்தையும் காட்டினேன். அவர் கீழே ஒரு கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதானே அந்த வீடு?"

அதுதான்.

"நான் போறேன்," என்று எழுந்தார். "வரணும்னா வாங்க. நீங்க பயப்படறதுக்காக நான் கூரையப் பாக்காம இருக்க முடியாது."

இறங்கினார். எனக்கு வேறு வழியில்லை, பின்னாலேயே போனேன். நெட்டை மனிதர், ஒரு எட்டுக்கு எனக்கு இரண்டு எட்டு. கல்தெருவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அவள் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று அந்த ஓட்டத்தில்தான் முதல்முறை நினைத்துப் பார்த்தேன். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எவனோடு சண்டை போடுவேன்? சீஸ் வைத்துச் சுட்ட பனித்ஸாப் பலகாரத்தில் மொறுமொறுப்பான ஓரத்தை யாருக்குப் பிய்த்துக் கொடுப்பேன்? எனக்கு அழுகை வந்தது. மூச்சு வாங்கியதால் தப்பித்தேன்.

கதவு பூட்டியிருந்தது.

பிரெபென் திரும்பி என்னைப் பார்த்தார். பரிதாபப்பட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. "வருத்தமா இருக்கு," என்றார்.

நான் கதவுப் பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்தேன். ஐந்து மணி வரை என்று எழுதியிருந்தது. கோவில் மணி ஆறு அடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"சார்! இது இப்ப எப்படியும் பூட்டித்தான் இருக்கும்! நாள் பூரா திறந்திருந்தாலும் பூட்டித்தான் இருக்கும்!"

குதிக்காத குறை. அவர் படியில் உட்கார்ந்தார். படியில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. நாள் முழுக்க அங்கேயே இருந்த பூனை போலத்தான் தெரிந்தது, ஆனால் அதைக் கேட்க முடியாது. தெருவில் வேறு ஆள் இல்லை.

"ஆக," என்றார் பிரெபென், "ஒரு முழு நாள் செலவு பண்ணி, ரெண்டு கிண்ணம் குடல குடிச்சு, நமக்கு ஒண்ணும் தெரியல. காலைல என்ன தெரியுமோ அதேதான்."

என் குதியாட்டம் அடங்கிவிட்டது. உண்மைதான். பார்க்க வேண்டிய கதவையும் பார்த்தாயிற்று. ஒளிந்துகொள்ள இனி இடம் இல்லை.

"அய்ல்யாக்," என்றார் அவர் கசப்பாக. "வாங்க, அந்தம்மாவையே கேப்போம்."

விடுதி வாசலில் ஒரு பேருந்து நின்றிருந்தது. விடுதிக்குள்ளே ஜெர்மானியர்கள், பெட்டியும் கைத்தடியுமாக ஒரு பெரிய கூட்டம். மேஜைக்குப் பின்னால் தெமெனுகா சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. நான் வரிசையில் நின்றேன். ஆமாம், வரிசையில்தான். முன்னால் போங்க என்று பிரெபென் முதுகில் இடித்தார். நான் பத்தாவது ஆளாக நின்று, எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"என்ன வேணும்?" என்றாள் தெமெனுகா.

 கண்ணாடி முன்னால் பழகியது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"தெமெனுகா," என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. "வியன்னாவுக்குப் போகாத. போனா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. காலைல எழுந்திருக்கறதே இங்க வர்றதுக்காகத்தான். என்னைக் கட்டிக்கோ."

"காலையிலேயே பதில் சொன்னேனே."

"அது எந்தத் தலைன்னு தெரியல."

"இத்தன வருஷம் இதே தொழில்ல இருக்க, உனக்குத் தெரியல?"

"தெரியல. அதத் தெரிஞ்சுக்கப் பயந்து இந்த மனுஷன ஊரெல்லாம் இழுத்தடிச்சுட்டு வர்றேன்."

அவள் பிரெபெனைப் பார்த்தாள். "மன்னிக்கணும் சார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "காலைல போன் வந்துடுச்சு, உங்களுக்குப் பதில் சொல்றதுக்குள்ள இவன் உங்கள இழுத்துட்டு ஓடிட்டான். வெலிச்கா அத்தைக்கு முழங்கால் வலி. அந்த வீடு இன்னிக்குத் திறக்கவே இல்ல."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள், எங்கள் பாஷைக்கு மாறினாள்.

"உனக்கு ஆட்டினது வீட்டுத் தலை. இல்லைன்னுதான் சொன்னேன். என்னை எப்படிக் கேட்டே நீ? ஸ்டேஷனுக்கு பஸ் எத்தன மணிக்குன்னு கேக்கற மாதிரி. பக்கத்துல ஒரு ஆளு நிக்கறாங்கற தைரியத்துல. ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்டா மடையா, இதுக்கா?"

அடி விழுந்தமாதிரி இருந்தது. ஆனாலும் அந்த நேரத்திலும் என் மூளை ஒன்றைக் கணக்குப் போட்டது. காலையிலேயே ஒரு ஆண்பிள்ளை மாதிரி வலது பக்கம் திரும்பியிருந்தால் பூட்டைப் பார்த்திருப்பேன், இல்லை என்று தெரிந்துகொண்டிருப்பேன், வீட்டுக்குப் போய் கட்டிலில் கிடந்திருப்பேன். இவள் வியன்னாவுக்குப் போயிருப்பாள். என் தைரியம் என்றைக்கும் எனக்கு ஒரு நன்மையும் செய்ததில்லை. என் கோழைத்தனம்தான் என்னைக் கையைப் பிடித்து இந்த மேஜை வரை கூட்டி வந்திருக்கிறது.

"அது காலைல கேட்டதுக்கு," என்றேன். "இப்பக் கேட்டதுக்கு?"

தெமெனுகா சட்டையில் குத்தியிருந்த விடுதியின் பெயர் வில்லையைக் கழற்றினாள். மேஜை டிராயரைத் திறந்து அதற்குள் போட்டு மூடினாள். நிதானமாகச் செய்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். விடாமல் ஆட்டினாள்.

ஜெர்மானியர் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. அத்தனை பேரும் ஒன்றாக, 'ஐயோ பாவம்' என்கிற பெருமூச்சு. பாஷை தெரியாவிட்டால் என்ன, ஒருவன் கெஞ்சியதையும் ஒருத்தி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியதையும் கண்ணால் பார்த்தார்களே. அந்த அமைதியில் ஒருவர் மட்டும் கை தட்டினார். பிரெபென். காலையில் அரங்கத்தில் தட்டியதைவிடப் பலமாக, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார், "சபாஷ்!" என்று கூவினார். அவர்கள் அவரைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. ஒரு பெரியவர் கைத்தடியை நீட்டி, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்கிற மாதிரி ஜெர்மனில் ஏதோ சொன்னார். பிரெபெனோ சிரித்துக்கொண்டே அவருக்குத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

என் கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. நிறுத்த முடியவில்லை. எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு ஜெர்மன் அம்மா பெட்டியை விட்டுவிட்டு வந்து, என் தோளில் கை வைத்து, பையிலிருந்து இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்து நீட்டினார். போனால் போகிறாள், உனக்கென்று ஒருத்தி வருவாள் என்பது போல முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு எதை எப்படி விளக்குவது? கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தெமெனுகா மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.